படாளத்தில் பத்து நாள்

செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் வினோதினி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிடித்திருப்பது வெளியே தெரியாதபடி, என் துணிப்பையைத் தாங்குவது போலப் பிடித்திருந்தாள். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. மதுராந்தகம் போகிற பஸ் ஒன்று வந்து, நிரம்பி, கிளம்பிப் போய்விட்டது. நாங்கள் ஏறவில்லை. கால் நகரவில்லை எனக்கு.

"அக்கா, தண்ணி குடிக்கிறீங்களா?"

வேண்டாம் என்றேன். தொண்டை காய்ந்துதான் இருந்தது. ஆனால் பாட்டிலைக் கையில் வாங்கினால் நடுக்கம் தெரிந்துவிடும். அது மாத்திரையால் வருகிற நடுக்கம். எனக்குத் தெரியும், வினோதினிக்குத் தெரியும். பக்கத்தில் கூடையோடு நிற்கிற யாரோ ஒரு அம்மாவுக்குத் தெரியாதே.

எதிரே ஒரு டீக்கடை. அதை ஒட்டி ஒரு சிமெண்ட் பெஞ்சு. யாரோ ஒரு பெரியவர் அதில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வடை தின்றுகொண்டிருந்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த பெஞ்சில்தான் என் மகளை உட்காரவைத்துவிட்டு நான் வேறொரு பஸ்ஸில் ஏறிப் போனேன். ஜென்சிக்கு அப்போது ஒன்பது வயது.

"அந்த பெஞ்சா?" என்று வினோதினி மெதுவாகக் கேட்டாள். என் கோப்பில் எல்லாம் எழுதியிருக்கிறது. அவள் படித்திருப்பாள்.

"ஆமா."

"அடுத்த பஸ்ல போயிடலாம்க்கா. வேணாம்னா இன்னைக்கே திரும்பியும் போயிடலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அடுத்த பஸ் வந்தது. நான் முதலில் ஏறினேன்.

வேன் வேண்டாம்

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு நான் யாரென்று தெரியும். இந்த வாரம்தான் முதல்முறை பார்க்கிறீர்கள் என்றால்: என் பெயர் அமலா. மனநோய் வந்து, வீட்டை விட்டுப் போய், ஊர் ஊராக அலைந்து, கடைசியில் சென்னையில் ஒரு மனநலக் காப்பகத்தில் ஆறு வருஷத்துக்கு மேல் இருந்தவள். ஒரு மறுவாழ்வுத் திட்டத்தின் மூலமாக வெளியே வந்தவள். வினோதினி அந்தத் திட்டத்தின் களப்பணியாளர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள்.

திட்டத்துக்கு ஒரு வெள்ளை வேன் உண்டு. இரண்டு பக்கமும் 'மனநல மறுவாழ்வு' என்று பச்சையில் பெரிதாக எழுதியிருக்கும். படாளத்துக்கு அதில்தான் போவதாக ஏற்பாடு. நான் ஒப்புக்கொள்ளவில்லை.

"தெருவுல அந்த வண்டி போய் நின்னா, நான் எறங்கறதுக்கு முன்னாடி சேதி எறங்கிடும் மேடம்" என்றேன்.

வினோதினி சிரித்தாள். ஆனால் பஸ்ஸில் கூட்டிப்போக மேலிடத்தில் அனுமதி கேட்கவேண்டியிருந்தது. எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. நான் பஸ்ஸில் போவதற்கு மூன்று பேர் சம்மதிக்க வேண்டியிருந்தது.

குறையாகச் சொல்லவில்லை. அந்தத் திட்டம் இல்லையென்றால் நான் இன்னும் காப்பகத்து வார்டில்தான் இருந்திருப்பேன். அவர்கள் நெம்மேலியில் ஒரு சாதாரணத் தெருவில் சாதாரண வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, எங்களைப் போல நாலு பெண்களைக் குடிவைத்தார்கள். உதவிக்கு ஒரு அம்மா பகலில் வந்துபோவார். கடல்தண்ணியை நல்ல தண்ணியாக்குகிற ஆலை பக்கத்தில்தான். காற்று அடித்தால் ஜன்னல் கம்பியில் உப்பு பூக்கும்.

அந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் வினோதினி கேட்டாள்: "இன்னைக்கு கத்திரிக்காயா, வெண்டைக்காயா அக்கா?" ஆறு வருஷம் தட்டில் விழுந்ததைத் தின்றவளுக்கு அது பரீட்சைக் கேள்வி மாதிரி இருந்தது. தப்பாகச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று வியர்த்துப்போனேன். கூட இருந்த சரசு அக்கா, அறுபது வயது, அதிகம் பேசாதவள், "ரெண்டும் போடு" என்றாள். ரெண்டும் போட்டோம்.

பிறகு மகாபலிபுரம் போகிற ரோட்டில் ஒரு ரிசார்ட்டின் லாண்டரியில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தார்கள். அதைப் போன வாரம் எழுதினேன். ஈரப் படுக்கைவிரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து உதறும்போது வருமே ஒரு சத்தம், அதைக் கேட்டால் எனக்கு மனசு அடங்கும். மாசம் ஒருமுறை திட்டத்து வேனில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு டாக்டரம்மாவைப் பார்ப்பேன்.

ஒன்றே ஒன்றுதான் எனக்குப் பேஜாரு. வாராவாரம் ஒரு தாள் நிரப்ப வேண்டும். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, குளித்தீர்களா, கோபம் வந்ததா. கோபம் என்கிற இடத்தில் 'இல்லை' என்று போடுவேன். லாண்டரியில் சூப்பர்வைசர் திட்டிய வாரமும் 'இல்லை'. செருப்பு திருடு போன வாரமும் 'இல்லை'. எனக்குக் கோபம் வந்தால் அது கோபம் என்று யாருக்கும் தோன்றாது, நோய் என்றுதான் தோன்றும் என்று பயம்.

மூன்று கட்டம்

காப்பகத்தில் இருக்கும்போதே என் தம்பி தேவராஜைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நான் சொன்ன அரைகுறை அடையாளம்தான். படாளம், சர்ச் தெரு, தம்பி குட்டியானை ஓட்டுவான். குட்டியானை என்றால் சின்ன லோடு வண்டி. அதை வைத்து வினோதினி வீடு வீடாக விசாரித்திருக்கிறாள்.

ஜென்சியின் அப்பா அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே வேறு குடும்பம் அமைத்துக்கொண்டு போய்விட்டார். நான் தொலைந்த பிறகு அவளை வளர்த்தது தேவராஜும் அவன் மனைவி செல்வியும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

நெம்மேலி வீட்டுக்குத் தம்பி மூன்று முறை வந்து பார்த்தான். ஒருமுறை ஜென்சியையும் கூட்டிவந்தான். பதினேழு வயது. என் அளவுக்கு உயரம். அரை மணி நேரமும் என்னைப் பார்க்கவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம்தான் திட்டத்தில் அடுத்த கட்டம் வந்தது. பத்து நாள் நான் தம்பி வீட்டில் தங்க வேண்டும். பத்தாம் நாள் வினோதினி ஒரு தாளோடு வருவாள். அதில் மூன்று கட்டம். 'குடும்பத்தில் ஏற்றுக்கொள்ளச் சம்மதம்', 'சம்மதமில்லை', 'அவகாசம் தேவை'. ஒன்றில் தம்பி டிக் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

படாளத்தில் இறங்கியதும் ஜி.எஸ்.டி. ரோடு என்கிற நெடுஞ்சாலையைத் தாண்டவே பத்து நிமிஷம் ஆனது. கரும்பு லாரி ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தது. மறுபக்கம் தேவராஜ் நின்றிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தான்.

"வாக்கா. இன்னா இவ்ளோ லேட்டு? பயந்துட்டேன்" என்றான்.

பயந்துட்டேன் என்று சொன்னதும் அவன் முகம் மாறியது. சொல்லியிருக்கக் கூடாதென்று நினைத்திருப்பான்.

செல்வி வாசலில் நின்றாள். "வாக்கா, கை கால் கழுவிக்கினு வா, சாப்டலாம்." அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் நான் உள்ளே போகும்போது அவள் ஒரு அடி ஒதுங்கியது, வழிவிடுவதற்கு வேண்டிய இடத்தைவிடக் கொஞ்சம் அதிகம்.

'நீங்க'

முதல் நாள் சாயங்காலம், வினோதினி திரும்பிப் போன பிறகு, ஜென்சி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். பையை வைத்தாள். என்னைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா?" என்றாள்.

எங்கள் தெருவில் எந்தப் பிள்ளையும் அம்மாவை 'நீங்க' என்று சொல்லாது. 'வாம்மா', 'போம்மா', 'உனுக்கு இன்னா தெரியும்' என்றுதான் வரும். செல்வியிடம் ஜென்சி, "அத்த, எனுக்கு பசிக்கிது, இன்னா வச்சிக்கிற?" என்றுதான் கேட்டாள். திரும்பி என்னிடம், "நீங்க சாப்ட்டீங்களா?" என்றாள். ஆஸ்பத்திரியில் நர்சு கேட்பது போல.

"சாப்ட்டேன்மா" என்றேன். வேறென்ன சொல்வது?

அந்தப் பத்து நாளில் நான் இருந்த மாதிரி என் வாழ்க்கையில் எப்போதும் இருந்ததில்லை. செல்வி எழும் முன் எழுந்து வாசல் பெருக்குவேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பேன். டீ.வி.யில் எல்லோரும் சிரிக்கும்போது சிரிப்பேன், எல்லோரும் நிறுத்தும்போது நிறுத்திவிடுவேன். ஒருநாள் கொஞ்சம் பிந்தி நிறுத்திவிட்டேன். செல்வி திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், அன்று முழுவதும் அந்தச் சிரிப்பையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தனியாக எதையாவது முணுமுணுக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். எங்கள் சர்ச்சுப் பாட்டு ஒன்றைப் பாத்திரம் தேய்க்கும்போது பாடுவது என் வழக்கம். அதை விட்டேன். பாட்டு வெளியே கேட்காமல் உதடு மட்டும் அசைந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

செல்வியைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். நான்காவது நாள் மீன் குழம்பு வைத்தபோது வால்துண்டை எடுத்து என் தட்டில் போட்டாள். "உனுக்கு வாலுதான புடிக்கும்னு இவரு சொன்னாரு" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுதாலும் எழுதிக்கொள்வார்களோ என்று முள் குத்தியது போல நடித்தேன்.

அவளுக்கு இருந்த பயம் இரண்டு. ஒன்று என் நோயைப் பற்றியது. இன்னொன்றை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஜென்சிக்கு ரிக்கார்டு நோட்டுக்கு அட்டை போட உதவலாம் என்று நான் ஒருநாள் உட்கார்ந்தேன். சமையலறையிலிருந்து செல்வி நாலு தடவை வந்து எட்டிப் பார்த்தாள். நாலாவது தடவை, "ஜென்சி, வந்து இந்த டப்பாவத் தொறந்து குடு" என்றாள். டப்பா ஏற்கெனவே திறந்திருந்தது. நான் பார்த்தேன்.

"எண்ணாத!"

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்தோம். தெருக்காரி ஒருத்தி செல்வியைப் பிடித்துக்கொண்டாள். என்னை ஒருமுறை மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டு, செல்வியிடம் கேட்டாள்:

"இப்ப எப்டி கீது அதுக்கு? பரவால்லியா?"

அதுக்கு. நான் ஒரு கை தூரத்தில் நிற்கிறேன்.

செல்வி, "ம், பரவால்ல" என்று முணுமுணுத்தாள். நான் சிரித்தேன். அந்த அம்மாவிடம், "நல்லா இருக்கேங்க" என்று சொல்லவும் சொன்னேன். வீடு வரைக்கும் அப்படியே நடந்து வந்தேன். உள்ளே ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போனதும் தண்ணீர் குடித்துவிட்டுச் சரியாகிவிடலாம் என்று நினைத்தேன்.

உள்ளே போனால் செல்வி அலமாரி முன்னால் நிற்கிறாள். என் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு காலி இடங்களை விரலால் தொட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள். உதடு அசைகிறது. அஞ்சு, ஆறு, ஏழு.

"எண்ணாத!" என்று கத்தினேன்.

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. செல்வியின் கையிலிருந்து அட்டை விழுந்தது. "எண்ணாத செல்வி! நான் முழுங்கறேன். இத்தினி வருஷமா எவன் எவனோ எண்றான். நீயும் எண்ணாத!"

பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. தேவராஜ் வாசலிலிருந்து ஓடி வந்தான். செல்வி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். தம்பி என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். அதில் வினோதினியின் நம்பர் முதலில் இருக்கும். அவசரம் என்றால் கூப்பிடச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

முடிந்தது என்று நினைத்தேன். சாயங்காலத்துக்குள் அந்த வெள்ளை வேன் வரும். தெரு முழுக்கப் பார்க்கும். தாளில் கோபம் என்கிற இடத்தில் 'உண்டு' என்று எழுதப்படும். தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜென்சி வந்து மாமன் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"இன்னாத்துக்கு போன் பண்ற மாமா?"

"இல்லமா, அக்காவுக்கு..."

"நேத்து நீ குழம்புல உப்பு இல்லன்னு தட்டத் தூக்கி வீசன. உனுக்கு யாருக்கு போன் பண்ணோம்?"

தேவராஜ் செல்வியைத் திரும்பிப் பார்த்தான்.

"கோவம் வந்திச்சி, கத்தனாங்க. அவ்ளோதான்" என்றாள் ஜென்சி. போனைத் தன் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, "வாங்க, பின்னாடி வாங்க" என்றாள்.

ஜென்சி கேட்டது

வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல், அதன் பக்கத்தில் ஒரு முருங்கை மரம். ஜென்சி கல்லில் உட்கார்ந்தாள். நான் நின்றேன். எதைக் கேட்கப் போகிறாள் என்று தெரிந்துவிட்டது. எட்டு வருஷமாக நான் பயந்த கேள்வி.

"அன்னிக்கி ஏன் என்ன வுட்டுட்டு போனீங்க?"

டாக்டர்களிடம் இதை நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அவளிடம் சொல்வது இதுதான் முதல்முறை.

"யாரோ நம்ம பின்னாடியே வராங்கன்னு எனுக்குத் தோணிக்கினே இருந்திச்சி ஜென்சி. பல நாளா. உன்ன தூக்கினு போயிடுவாங்கன்னு காதுல கேக்கும். அன்னிக்கி பஸ் ஸ்டாண்டுல ரொம்ப கிட்ட வந்துட்ட மாதிரி இருந்திச்சி. அவங்க என்னத்தான் பாத்துக்கினு வராங்க, நான் தனியா ஓடனா எம் பின்னாடி வந்துடுவாங்க, நீ தப்பிச்சிடுவன்னு நெனச்சேன். அதான் உன்ன டீக்கடையாண்ட உக்கார வச்சிட்டு பஸ்ல ஏறனேன்."

அவள் கை நீட்டி முருங்கை இலை ஒன்றைக் கிள்ளினாள்.

"அப்டி யாரும் வர்லன்னு இப்ப தெரியிது. அது நோவு. அப்ப தெரியல. உன்ன காப்பாத்தறேன்னுதான் நெனச்சேன்."

அந்த இலையைத் துண்டு துண்டாகக் கிழித்தாள். பிறகு பேசினாள்.

"நான் அன்னிக்கி கலரு சோடா வாங்கித் தரச் சொல்லி அழுதேன். நெனவு கீதா? நீ வாணாம்னு சொன்ன. நான் ரோட்டுலயே உக்காந்து கத்தனேன். அதனாலதான் வுட்டுட்டு போயிட்டன்னு நெனச்சேன். இத்தினி வருஷமும் அப்டித்தான் நெனச்சிக்கினு இருந்தேன். அதுக்கப்புறம் நான் கலரே குடிக்கல."

எனக்கு நினைவில்லை. அவள் கலர் கேட்டதும் அழுததும் என் நினைவில் எங்குமே இல்லை. அந்த ஒன்பது வயதுப் பிள்ளை சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்து, இனிமேல் எதுவும் கேட்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு கண்டக்டர் பார்த்து விசாரித்து, தம்பிக்குத் தகவல் சொல்லும் வரைக்கும்.

அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன். இந்த முறை யார் எழுதிக்கொண்டாலும் சரி என்று அழுதேன். அவள் என்னைத் தொடவில்லை. எழுந்தும் போகவில்லை.

பத்தாம் நாள்

வினோதினி தாளோடு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத் தேவராஜ் மறைக்கவில்லை. "கொஞ்சம் சத்தம் போட்டுச்சி மேடம். தப்பு எங்க மேலயும் கீது" என்றான். பிறகு பேனாவை எடுத்து, முதல் கட்டத்தில் டிக் அடிக்கப் போனான்.

நான் இதை எதிர்பார்க்கவில்லை. செல்வியைப் பார்த்தேன். அவள் முந்தானை முனையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். முகம் வெளிறியிருந்தது. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"இரு தேவராஜ்" என்றேன். "மேடம், இதுல நான் கையெழுத்துப் போட எடம் எங்க?"

வினோதினி தாளைத் திருப்பிப் பார்த்தாள். எத்தனையோ குடும்பங்களில் அதை நிரப்பியிருப்பாள். "அப்படி ஒரு இடம் இல்லக்கா" என்றாள். அவளுக்கே சங்கடமாக இருந்தது.

"நான் நெம்மேலிக்கே போறேன்."

"இன்னாக்கா சொல்ற?" என்றான் தம்பி.

சொல்லிப் பார்த்தேன். சரியாகச் சொல்ல வந்ததா தெரியவில்லை. இந்த வீட்டில் எனக்குப் பத்து நாள் முடிந்தால் பதினோராம் நாளும் பரீட்சைதான். ஒரு நாள் முடிவதற்குள் பாதி உயிர் போகிறது. செல்விக்கும் அப்படித்தான். அங்கே எனக்கு வேலை இருக்கிறது. சரசு அக்கா இருக்கிறாள். அங்கே பாத்திரம் தேய்க்கும்போது பாடுகிறேன். இவ்வளவுதான் சொன்னேன்.

ஜென்சி கதவோரம் நின்றிருந்தாள். திடீரென்று கத்தினாள்.

"மறுபடியும் வுட்டுட்டு போறியா?"

நான் பயந்தது நடந்துவிட்டது. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஒரு நொடிதான். தேவராஜ் பேனாவோடு காத்திருந்தான். நான் தலையசைத்தால் போதும், என் மகளோடு இருந்துவிடலாம். அப்புறம் எத்தனை மாதம் தாங்கும்? ஒருநாள் மறுபடி கத்துவேன். ஒருநாள் வினோதினிக்கு அந்த போன் போய்விடும். அன்றைக்கு அவள் கண் முன்னால் வேனில் ஏறினால்?

"ஜென்சி, நான் போற எடம் உனுக்குத் தெரியும். தெரு தெரியும். போன் நம்பர் தெரியும். ஞாயித்துக்கிழம எனுக்கு லீவு. நீ வந்தாலும் சரி, கூப்ட்டா நான் வந்தாலும் சரி."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கிளம்பும்போதும் வெளியே வரவில்லை. பஸ் ஸ்டாப் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

வினோதினி தாளில் எந்தக் கட்டத்திலும் டிக் அடிக்காமல், பின்பக்கம் என்னவோ எழுதினாள். பிற்பாடு அலுவலகத்தில் நடந்த கூட்டத்தில் என் பெயருக்கு நேரே 'குடும்பத்தில் இணைதல்: நிறைவேறவில்லை' என்று பதிவானதாகச் சொன்னாள். வருத்தமாகத்தான் சொன்னாள். எனக்கும் வருத்தம்தான். தப்பு செய்துவிட்டேனோ என்று லாண்டரியில் விரிப்பை மடிக்கும்போதெல்லாம் யோசிப்பேன். இரண்டு முனையும் சேராமல் கோணலாக மடித்துவிட்டு, பிரித்து மறுபடி மடிப்பேன்.

சொல்லாமல் வந்தவர்கள்

முதல் ஞாயிற்றுக்கிழமை ஜென்சி வரவில்லை. இரண்டாவது வாரமும் இல்லை. போன் போட்டால் செல்விதான் எடுப்பாள். "படிச்சிக்கினு கீதுக்கா, பரீச்ச வர்தில்ல" என்பாள். மூன்றாவது வாரம் நான் போன் போடவில்லை. கேட்டுக் கேட்டுத் தொல்லை செய்கிறேன் என்று நினைப்பார்களோ என்று.

நாலாவது ஞாயிறு மத்தியானம். சரசு அக்காவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். கேட் திறக்கிற சத்தம். எட்டிப் பார்த்தால் ஜென்சி. அவளுக்குப் பின்னால் செல்வி, கையில் ஒரு தூக்குச் சட்டியோடு.

"அத்ததான் போலாம்னு சொல்லிச்சி" என்றாள் ஜென்சி, வந்ததும் வராததுமாக. அவளாக வரவில்லை என்று எனக்குத் தெரியவேண்டும் போல.

செல்வி அந்த வீட்டை ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள். சரசு அக்காவைக் கண்டதும் முதலில் கொஞ்சம் தயங்கினாள். சரசு அக்கா அவளை நிமிர்ந்து பார்த்து, "குந்து" என்றாள். செல்வி உட்கார்ந்துவிட்டாள். கொண்டுவந்த மீன் குழம்பை எல்லோருமாகச் சாப்பிட்டோம். ஜென்சி சாப்பிட்டுவிட்டு, கூட இருக்கும் பெண்களோடு கடற்கரைக்குப் போனாள். போகும்போது, "செருப்ப இங்கியே வுட்டுட்டு போறேன், பாத்துக்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

நானும் செல்வியும் சமையலறையில் இருந்தோம். நான் பாத்திரம் தேய்த்தேன், அவள் கழுவிக் கவிழ்த்தாள். என் மனசு தன்பாட்டுக்கு ஓடியது. ஜென்சியை இங்கே அனுப்ப முடியாது என்று சொல்லத்தான் வந்திருக்கிறாள். அதற்குத்தான் மீன் குழம்பு. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருக்கிறாள்.

"அக்கா."

"சொல்லு."

"இவருக்குத் தெரியாது. சொல்லிடாத."

கையில் இருந்த தட்டை வைத்தேன்.

"எனுக்கு ராவுல தூக்கமே இல்லக்கா. மாசக்கணக்கா. நீ வந்து போனதுக்கு முன்னாடியிலருந்தே. அடுப்ப அணைச்சனா, கதவ சாத்தனானு பத்து வாட்டி எழுந்து பாக்கறேன். நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது. இவரு வண்டி எடுத்துக்கினு போனா திரும்ப வர்ற வரைக்கும் வவுறு எரியிது. ஜென்சி பஸ்ஸு லேட்டானா..." அவளுக்கு மேலே வரவில்லை. குழாயை மூடினாள். "உன் அட்டைய அன்னிக்கி எண்ணனேன் இல்ல. உன்ன நம்பாம இல்லக்கா. எதையாவது எண்ணாம எனுக்கு இருக்க முடியல."

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு வருஷம் என் பிள்ளையை வளர்த்தவள். எனக்குப் பயந்தவள் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன்.

"நீ செங்கல்பட்டுல ஒரு டாக்டரம்மாகிட்ட போறியே," என்றாள் செல்வி, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு. "அவங்ககிட்ட நானும் ஒரு நாளு வர்லாமா? என்னையும் பைத்தியம்னு சொல்லிடுவாங்களா?"

"சொல்ல மாட்டாங்க" என்றேன். "செவ்வாக்கிழம வா. ஓ.பி. சீட்டு காலையில சீக்கிரமே போடணும். நேரா ஆஸ்பத்திரி கேட்டாண்ட வந்துடு. நான் லீவு சொல்லிட்டு வந்து நிக்கறேன்."

"நீ கண்டிப்பா வருவல்ல?"

"வருவேன்."

அவள் கவிழ்த்து வைத்த பாத்திரங்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு குழாயைத் திறந்து, மீதி இருந்த இரண்டு டம்ளரையும் கழுவினாள்.